முதலில் பாஸ்போட்டைச் சொல்லுங்கள்

"குறைந்த செலவில் ஆறு மாதம் உலகம் சுற்றலாம்" எண்டு சொல்லுற வீடியோக்களில் எல்லாம் வரும். ரிக்கற்றை எப்ப வாங்கினால் மலிவு, எந்த விடுதியில் பன்னிரண்டு பேர் ஒரு அறையில் படுக்கலாம், சமைத்துச் சாப்பிட்டால் எவ்வளவு மிச்சம். சொல்லுறவர் எந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கிறார் என்பது மட்டும் வராது. ஜேர்மன் பாஸ்போட்காரர் 180க்கு மேற்பட்ட இடங்களுக்கு முன்கூட்டி விசா எடுக்காமல் போகலாம். எங்களுக்கு ஏறத்தாழ 40. அவர் காசு மிச்சம் பிடிக்கத் தொடங்குகிற இடத்துக்கு வந்து சேரவே நாங்கள் காசு கட்டவேண்டியிருக்கு.

கணக்கைப் பாருங்கோ. ஷெங்கன் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. எங்களில் மகாபொல எடுக்கிறவைக்கு 2025இல் மாதம் 7,500 ரூபா கிடைத்தது. அந்தக் கணக்கில் நாலு மாதக் காசு அப்படியே போகும், விசாவை மறுத்தாலும் திருப்பித் தரமாட்டினம். அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை. வங்கியில் காசு இல்லாதபடியால்தானே சிக்கனமாகப் போக நினைக்கிறம்! மலிவாகப் போறதுக்கும் காசு இருக்கெண்டு காட்டவேணுமாம்.

பிறகு அந்தக் கேள்வி: திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்? கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற ஒருத்தியிடம் காணி உறுதியா இருக்கும்? சரி, தூதரகம் கேட்பது அவர்களுடைய தொழில். எங்கட ஊரும் அதையேதான் கேட்குது. "வெளியில போகப்போறம்" எண்டால் "எந்த ஏஜென்சி, எவ்வளவு கட்டினது" எண்டுதான் அடுத்த கதை. பார்த்துவிட்டு வருவம் எண்டால் நம்ப ஆளில்லை. போரும் கடனும் "வெளியில போறது" என்ற சொல்லுக்கு ஒரேயொரு பொருளைத்தான் மிச்சம் விட்டிருக்கு, அது எங்களுக்கும் விளங்குது. அதற்காகப் போய்த் திரும்புகிற உரிமையையும் விடவேணுமோ? பெட்டையள் எண்டால் "ஆரோட போறாய்" என்ற விசாரணை வேற. அதற்கு எந்த நாட்டு விசாவும் உதவாது.

ஐரோப்பாதான் உலகம் எண்டு ஆர் சொன்னது? 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறினவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் திரும்ப ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடி வழி முடிந்தது. இப்போது 2023 ஒக்ரோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் இருக்கு. நிண்டு நிண்டுதான் ஓடுது, ஆனால் ஓடினால் ஏறத்தாழ நாலு மணித்தியாலம். அங்காலே ஸ்லீப்பர் பெட்டியில் எவ்வளவு தூரமும் போகலாம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் மட்டும் 4,100 கிலோமீற்றருக்கு மேல் ஓடுது, மூன்று நாள் கடந்துவிடும்.

எங்கட பாஸ்போட்டுக்கு மரியாதை கிடைக்கிற இடமும் அங்கேதான். ஹம்பியிலும் மாமல்லபுரத்திலும் வெளிநாட்டாருக்கு 600 இந்திய ரூபா, சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய 40 ரூபா. நேபாளத்தில் எங்களுக்கு வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். இதெல்லாம் எங்கட வகுப்புச் சிங்கள நண்பர்களின் ஆச்சிமாருக்கு எப்பவோ தெரியும். புத்தகயாவுக்கும் லும்பினிக்கும் அரிசி பருப்போடு கூட்டமாகப் போய், மடங்களில் தங்கி, எல்லை கடந்து, திரும்பி வருகினம். அவையளை ஒருவரும் பயண வழிகாட்டி எண்டு சொல்லுறேல்ல.

இந்த வழியிலும் பொறி இருக்கு. இந்திய இ-விசாவோடு எல்லா வாசலாலும் உள்ளே போகேலாது, தரைவழி எல்லைகளில் பெரும்பாலானவை அதில் இல்லை. அதால் நேபாளம் போய்த் திரும்ப நினைக்கிறவை, எத்தனை தரம், எந்த வழியால் உள்ளே போகலாம் எண்டு ரிக்கற் போட முதலே பார்க்கவேணும். இப்படியான விசயத்துக்குத்தான் எங்களுக்கு வீடியோ தேவை.

ஆகவே லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து, "எங்கட ஆக்களுக்காக" எண்டு தமிழில் பயண வீடியோ போடுகிற அண்ணாமாரே, அக்காமாரே: உங்கட கையில் இருக்கிற பாஸ்போட்டின் நிறத்தை முதல் நிமிசத்திலேயே காட்டுங்கோ. மிச்சத்தைப் பார்க்கிறதோ இல்லையோ எண்டு நாங்கள் முடிவெடுக்கிறம்.