மூன்று விதைகள், மூன்று பிள்ளைகள்

முள்ளங்கியின் மருத்துவப் பயன்களை அடுக்கும் கட்டுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. 'சீன மருத்துவம் சொல்கிறது' என்று தொடங்கிச் சளி, செரியாமை, வயிற்றுப் பொருமல் எனப் பட்டியலிட்டு முடித்துவிடுகிறார்கள். மூலநூல்களின் பக்கம் சற்றே திரும்பினால், அங்கிருப்பது வெறும் பட்டியல் அன்று என்பது புலப்படும்.

மிங் பேரரசுக் காலத்தில் லீ ஷிசென் தொகுத்த 'பென்சாவ் காங்மு' 1596இல் அச்சேறியது. 52 பாகங்களில் 1,892 மருந்துப் பொருள்களைப் பேசுவது. முள்ளங்கி விதையைப் பச்சையாகக் கொடுத்தால் மேல்நோக்கிச் செயல்பட்டுக் கபத்தை வாந்தியாக வெளியேற்றும் என்றும், வறுத்துக் கொடுத்தால் கீழ்நோக்கிச் செயல்பட்டு இரைப்பையும் இருமலையும் தணிக்கும் என்றும் அந்நூல் பிரித்துரைக்கிறது. விதை ஒன்றே, பக்குவம் அதன் திசையை மாற்றுகிறது. 'முள்ளங்கி சளிக்கு நல்லது' என்ற ஒற்றை வரியில் இது எவ்வாறு அடங்கும்?

அதே மிங் காலத்தவர் ஹான் மாவ் என்னும் மருத்துவர். முதிய பெற்றோரின் இருமலுக்கு மருந்து வேண்டி வந்த கற்றோர் மூவருக்கு அவர் வகுத்தளித்த கஷாயத்தில் சேர்வன முள்ளங்கி விதை, வெண்கடுகு, துளசிக் குடும்பத்துப் பெரில்லா விதை ஆகிய மூன்று. 'பெற்றோரைப் பேணும் மூவிதைக் கஷாயம்' என்பது அதன் பெயர். சீன மொழியில் விதைக்கும் பிள்ளைக்கும் 'ட்சி' என்ற ஒரே சொல்தான். சிலேடை நயம் கற்பிக்கும் நாம் இப்பெயரை எளிதில் கடந்துவிட முடியாது.

ஆயினும் சிலேடை மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகாது. முதியவரின் மூச்சிரைப்புக்கு இன்று முதலில் நாட வேண்டியது மருத்துவரையே. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. அம்மூன்றில் எவ்விதை தலைமை ஏற்க வேண்டும் என்பதை நோயரின் நிலையே முடிவு செய்கிறது. மூச்சு மேலேறினால் பெரில்லா, கபம் மிகுந்தால் வெண்கடுகு, உண்டது செரியாது தேங்கினால் முள்ளங்கி. இவற்றுள் எது மிகுந்திருக்கிறது என்று அறிய, யாரேனும் ஒருவர் அம்முதியவரின் அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

தொலைவிலிருக்கும் தாய்தந்தையர்க்குக் காய்கறிக் குறிப்புகளை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென அமைந்துவிடுகிறோம். அப்பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனது, மருந்தின் பெயரிலேயே இருந்த பிள்ளைதான்.