ஆட்டத்தில் உப்புக்குச் சப்பாணி வேண்டாம்

கூமாப்பட்டியிலிருந்து எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனிடம், பயிற்சிக்கு நடுவே ஒருநாள், மாலை வேளைகளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். பிறவியிலேயே மூளைவாதத்தால் இடது கையும் இடது காலும் வலுக் குறைந்த பிள்ளை அவன். "கிரிக்கெட் ஆடுவேன் சார்" என்றான். எனக்கு மகிழ்ச்சி. எந்த அணியில் ஆடுவாய் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் இல்ல சார். நான் உப்புக்குச் சப்பாணி" என்று சொல்லிச் சிரித்தான். உடன் வந்திருந்த அவனுடைய தாயும் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

இத்தொடரைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மிகக் குறைவு. 'ஒப்புக்கு' என்பதே பேச்சு வழக்கில் 'உப்புக்கு' என்று மருவிற்று. 'சப்பாணி' என்பது நடக்க இயலாதவரைக் குறித்த பழஞ்சொல். சிறு பிள்ளை ஒன்று தன்னையும் ஆட்டத்தில் சேர்க்கச் சொல்லி அழுதால், பெரிய பிள்ளைகள் அதனை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அப்பிள்ளை ஓடலாம், குதிக்கலாம், கூச்சலிடலாம். ஆனால் அது பிடித்தாலும் பிடித்ததாகாது, பிடிபட்டாலும் பிடிபட்டதாகாது. அதன் வெற்றிக்கும் கணக்கில்லை, தோல்விக்கும் கணக்கில்லை.

இவ்வழக்கத்தில் ஒரு நல்ல உள்ளம் இருப்பதை மறுப்பதற்கில்லை. அழுகின்ற பிள்ளையை விரட்டிவிடாமல் அருகில் வைத்துக்கொள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ட வழி அது. ஆயினும், வயதிற் சிறிய பிள்ளைக்கு அந்நிலை ஓராண்டோ ஈராண்டோதான். வளர்ந்ததும் அதுவும் முழு ஆட்டக்காரராகிவிடும். நோயுற்ற பிள்ளைக்கும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கும் அது முடிவதே இல்லை. அவர்கள் ஆண்டுதோறும் வளர்கிறார்கள். ஆட்டத்தில் மட்டும் ஒப்புக்கே நிற்கிறார்கள்.

அவர்களை அந்நிலையில் நிறுத்தியவர்கள் உடன் ஆடும் சிறுவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் கருத்து வேறு. முதலில் நிறுத்தியவர்கள் பெரியவர்களாகிய நாமே.

மருத்துவத் துறையினராகிய எங்களிடமிருந்தே தொடங்குகிறேன். வீடு திரும்பும் பிள்ளையின் தாளில் 'ஓய்வு தேவை' என்று எழுதுகிறோம். எந்த நாள் வரை என்று எழுதப் பல வேளைகளில் தவறிவிடுகிறோம். முடிவு நாள் இல்லாத அந்த ஓய்வு, குடும்பத்தாரின் அச்சத்தால் நீண்டுகொண்டே போகிறது. ஆறு வாரத்துக்கென்று சொன்ன ஓய்வு ஆறு ஆண்டாக நீடித்ததைக் கண்டிருக்கிறேன். பெற்றோர் 'ஓடாதே, விழுந்துவிடுவாய்' என்கிறார்கள். பள்ளியிலோ, உடற்கல்வி வேளையில் அப்பிள்ளை மரத்தடியில் அமர்ந்து மற்றவர்களின் புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கிறது. எல்லாரும் அன்பினாலேயே செய்கிறோம். அந்த அன்பின் விளைவாக, நோய் பறிக்காத ஒன்றையும் நாம் பறித்துவிடுகிறோம்.

விளையாட்டு, உடல்நலம் முழுமையாக மீண்ட பிறகு தரப்படும் பரிசன்று. உடல்நலத்தின் ஒரு பகுதி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலியக்கம் வேண்டும் என்கிறது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும், அவரவர் இயல்புக்கு ஏற்ப, அதே அளவையே அது பரிந்துரைக்கிறது. எங்கள் பிரிவில் ஒரு பிள்ளையை இருபது முறை கை தூக்கச் செய்வதற்குள் அதற்கும் சலித்துவிடும், எங்களுக்கும் சலித்துவிடும். அதே பிள்ளையிடம் பந்தைக் கொடுத்தால் ஐம்பது முறை எறியும், எண்ணிக்கொண்டும் இராது.

அவ்வாறாயின், ஏன் அவர்களை ஆட்டத்தில் எண்ணிச் சேர்ப்பதில்லை? ஆட்டத்தை நாம் வெற்றி ஒன்றினால் மட்டுமே அளக்கப் பழகிவிட்டோம் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். வெற்றியே அளவுகோலாக இருக்கும் இடத்தில் வலுக் குறைந்த பிள்ளை அணிக்குச் சுமையாகத் தோன்றும். அந்த அளவுகோல் நலமுள்ள பிள்ளைகளையும் விட்டுவைப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளையைப் பயிற்சி முகாமில் சேர்த்து, எத்தனை கோப்பை வாங்கினாய் என்று கேட்டால், இரண்டு கோப்பை வாங்கிய பிள்ளை நிற்கும். ஒன்றும் வாங்காத இருபது பிள்ளைகள் ஆடுகளத்தை விட்டே போய்விடும்.

இதற்கு மாறான வழி உண்டு என்பதற்கு நார்வே நாடு சான்று. அங்கே பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று 1987-இல் விதிகள் வகுக்கப்பட்டன. பின்னர் அவை விரிவாக்கப்பட்டன. 11 வயதுக்குட்பட்டோரின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் இல்லை. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டியும் இல்லை. எந்த ஆட்டம், எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கும் இடம் உண்டு. இப்படிச் செய்தால் நாடு போட்டிகளில் பின்தங்கிவிடாதா என்று ஐயுறுவோர், 2022-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். ஏறத்தாழ 55 லட்சம் மக்களே வாழும் அந்நாடு 16 தங்கப் பதக்கங்களுடன் பட்டியலில் முதலிடம் பெற்றது. மகிழ்ச்சியோடு ஆடும் பிள்ளைகள் நெடுநாள் ஆடுகிறார்கள். நெடுநாள் ஆடுவோரிலிருந்தே வல்லவர்கள் தோன்றுகிறார்கள்.

பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது நம் மாநிலத்து மாரியப்பன் தங்கவேலு நினைவுக்கு வருவார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த அவர், ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் முடங்கியவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். அவர் கதையைச் சொல்லி, 'நீயும் அவரைப் போல் ஆக வேண்டும்' என்று நம் பிள்ளைகளிடம் கூறுவது எனக்கு உடன்பாடில்லை. அது இன்னொரு சுமை. அக்கதையில் நாம் கற்க வேண்டியது வேறு. கால் முடங்கிய மாணவனைப் பைகளுக்குக் காவலாக அமர்த்தாமல், தாண்டிப் பார் என்று ஊக்குவித்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவருடைய பள்ளியில் இருந்தார். தாண்டியது பெருமை, தாண்ட விட்டதும் பெருமை. இரண்டாவதை நாம் எல்லாரும் செய்ய இயலும்.

செய்யும் வழி என்ன? பிள்ளையை ஆட்டத்துக்கேற்ப மாற்ற முயல்வதை விட்டு, ஆட்டத்தைப் பிள்ளைக்கேற்ப மாற்றுவதே வழி. பார்வையற்றோர் கிரிக்கெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் பந்துக்குள் ஒலிக்கும் குண்டுமணிகள் உண்டு. பந்தைக் கைக்குக் கீழாகத் தரையோடு வீசுவார்கள். ஒவ்வோர் அணியிலும் முற்றிலும் பார்வையற்றோர் நால்வராவது ஆட வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். எனவே அந்த நால்வர் ஒப்புக்கு நிற்பவர்கள் அல்லர். அவர்கள் இன்றி அணி வெல்ல இயலாது. பார்வையற்ற மகளிருக்கான முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையை 2025 நவம்பரில் கொழும்பில் இந்திய அணி வென்றது இத்தகைய விதிகளின் கீழேதான்.

நம் ஊர் ஆட்டங்களையும் இவ்வாறே இணக்கலாம். மாற்றுவதற்கு நான்கு பொருள்கள் உண்டு: இடம், ஆட்ட முறை, கருவி, ஆட்கள். கிளித்தட்டில் வேகமாக ஓட இயலாத பிள்ளையைக் கோட்டைக் காக்கும் இடத்தில் நிறுத்தி, அதன் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, துண்டு பட்டாலும் தொட்டதாகக் கொள்ளலாம். ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் எல்லாரும் ஒற்றைக் காலில் நொண்டித்தான் ஆட வேண்டும் என்று வைத்தால், வேகத்தின் வேறுபாடு பாதி குறைந்துவிடும். இளைப்பு நோயுள்ள பிள்ளை ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஆள் மாற்றி ஆடலாம். எறிபந்தைப் பந்துக்குப் பதிலாகக் காற்றடைத்த பலூனைக் கொண்டு, எல்லாரும் தரையில் அமர்ந்து ஆடலாம். படுக்கையில் இருக்கும் வாரங்களுக்குப் பல்லாங்குழியும் தாயமும் உண்டு. எந்த மாற்றம் வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். விதி இயற்றுவதில் அவர்கள் நம்மைவிட வல்லவர்கள்.

இது இரக்கத்தால் செய்யும் உதவி அன்று. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் பேசும்போது இதனைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

இதனால் எச்சரிக்கையே வேண்டா என்பது பொருளன்று. காய்ச்சல் உள்ள நாளில் ஆட்டம் வேண்டா. நெஞ்சுவலி, மயக்கம், நின்ற பிறகும் தணியாத மூச்சுத் திணறல், உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வாருங்கள். வலிப்பு நோயுள்ள பிள்ளை கண்மாயிலோ கிணற்றிலோ அணையிலோ, நீச்சலறிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் இல்லாமல் இறங்கவே கூடாது. இன்சுலின் போடும் பிள்ளை ஆடுவதற்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்து, பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆடும் முன் மருந்தை உறிஞ்ச வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். இரத்தம் எளிதில் உறையாத பிள்ளைகளுக்கு மோதி விழும் ஆட்டங்கள் ஆகா. சிலவகை இதய நோய்களில் இதய மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். 'ஆடாதே' என்பது எச்சரிக்கையாகாது. 'இப்படி ஆடு' என்பதே எச்சரிக்கை.

ஆகவே, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளை எந்த ஆட்டங்களை ஆடலாம்? எந்த நாளிலிருந்து ஆடலாம்? எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும்? விடைகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லி, அத்தாளைப் பள்ளியிலும் கொடுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எழுதித் தருவது எங்கள் கடமை.

'சப்பாணி' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. திருவில்லிபுத்தூரில் பிறந்த பெரியாழ்வார், குழந்தைக் கண்ணனைச் சப்பாணி கொட்டுமாறு அழைத்துப் பாடினார். அங்கே அச்சொல்லுக்குக் குழந்தை இரு கைகளையும் சேர்த்துத் தட்டி மகிழ்வது என்று பொருள். பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் அது நான்காம் பருவமாக நின்றது. நம் பக்கத்து ஊரில் கைதட்டி மகிழ்வதைக் குறித்த சொல்லை, நம் பிள்ளைகள் கணக்கில் சேராதவன் என்ற பொருளில் கேட்க வேண்டிய தேவை என்ன?

கூமாப்பட்டிச் சிறுவனின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். அவனுடைய தாய், உடன் ஆடும் பிள்ளைகளை அழைத்து, இவனையும் கணக்கில் சேர்த்து ஆட ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டாராம். அவர்கள் சிறிது நேரம் விவாதித்து, ஆடுகளத்தின் பாதித் தொலைவில் ஒரு செங்கல்லை வைத்தார்கள். அவன் அதுவரை ஓடினால் ஓர் ஓட்டம். அதற்குள் பந்து வந்துவிட்டால் அவன் அவுட், மறுபேச்சில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சிகிச்சைக்கு வந்தவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகம் சுருங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மொதப் பந்துலயே அவுட் ஆக்கிட்டாங்க சார். அது அவுட்டே இல்ல" என்றான். அந்தக் கோபத்தைக் கேட்டு அவனுடைய தாய் சிரித்தார். இம்முறை அவரால் முடிந்தது.