ஏணியா, வேலியா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கருத்து)

அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்பார்கள் நம் முன்னோர். ஆனால் அகலமும் வேண்டும், ஆழமும் வேண்டும் என்று கேட்கின்ற தொழில்களும் இன்று உண்டு. அவற்றுள் ஒன்று கணினி அமைப்பு நிர்வாகம். வங்கியிலும், மருத்துவமனையிலும், இரயில் முன்பதிவிலும் நாம் காணும் திரைகளுக்குப் பின்னால், கண்ணில் படாத பெரிய கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவை நின்றுவிடாமல் காப்பவரே அமைப்பு நிர்வாகி. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று வகுப்பதும், நகல் எடுத்து வைப்பதும், பழுது கண்டால் சீர் செய்வதும் அவருடைய கடமைகள்.

இக்கடமைக்குத் தகுதி உடையவரைக் கண்டறியச் சான்றிதழ்த் தேர்வுகள் நடைபெறுகின்றன. அவற்றின் பாடப்பொருளை எவ்வாறு அடுக்குவது? எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது? இது தேர்வு நடத்துவோரின் கவலை மட்டுமன்று. நாளை அப்படிகளில் ஏறப்போகிற நம்மையும் தொடுகின்ற கேள்வி. ஆகவே என் கருத்தைத் தோழியர் முன் வைக்க விரும்புகிறேன்.

1999-ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கப்பட்ட எல்.பி.ஐ. என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, லினக்ஸ் நிர்வாகிகளுக்கான தேர்வுகளை நடத்தி வருகிறது. முதல் நிலையில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 60 வினாக்கள், 90 நிமிடங்கள். பாடத் தலைப்புகள் பத்து. அவற்றுக்கு 101 முதல் 110 வரை எண் இட்டிருக்கிறார்கள். முதல் தாளில் நான்கு தலைப்புகள், இரண்டாம் தாளில் ஆறு.

இந்த அடுக்கில் நான் போற்றுவது மூன்று.

முதலாவது, எடை. ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஓர் எண் தந்து, ஏறத்தாழ அத்தனை வினாக்கள் வரும் என்று முன்கூட்டியே அறிவித்து விடுகிறார்கள். 2018-இல் வெளியான 5.0 பதிப்பின் முதல் தாளில், கட்டளைகளைப் பற்றிய தலைப்புக்கு மட்டும் 26. கணினியின் அமைப்புக்கும் அது துவங்கும் முறைக்கும் 8. எதற்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கிவிடும். பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவருக்கும், போக வசதியற்ற ஏழைப் பெண்ணுக்கும் ஒரே பட்டியல், செலவின்றிக் கிடைக்கிறது. இதைவிட நேர்மை வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, பழையதை மதிக்கும் பண்பு. முன்பு 104.4 என்ற எண்ணில் ஒரு பகுதி இருந்தது. அதை நீக்கியபோது பின்னால் உள்ளவற்றுக்குப் புது எண் போடவில்லை. 104.3-க்கு அடுத்து 104.5 என்றே விட்டு வைத்தார்கள். அக்காவின் பழைய குறிப்பேட்டை வைத்துத் தங்கை படித்தாலும் எண் மாறிக் குழம்ப மாட்டாள். சிறிய செயல்தான், ஆனால் படிப்பவரை நினைத்துச் செய்த செயல்.

மூன்றாவது, ஒரே பொருள் மேலும் மேலும் உயர்ந்து வருவது. பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். முதல் நிலையில் 109-ஆம் தலைப்புக்குள் அது சிறு பகுதி. கேட்டுப் பெறுபவராக இருக்கத் தெரிந்தால் போதும். இரண்டாம் நிலையிலோ 207 என்ற முழுத் தலைப்பு. அந்தச் சேவையை நாமே நடத்தத் தெரிய வேண்டும். முதலில் தண்ணீர் மொள்ளக் கற்று, பிறகு கிணறு வெட்டக் கற்பது போன்றதன்றோ இது!

ஆயினும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பாதுகாப்பு என்னும் பாடம் முதல் நிலையில் கடைசித் தலைப்பாக, 110-இல் நிற்கிறது. இரண்டாம் நிலையிலும் கடைசியாக, 212-இல்தான் நிற்கிறது. கடைசிப் பாடத்தை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பது நமக்கே தெரியும். தேர்வு நெருங்கிய அவசரத்தில் புரட்டிப் பார்ப்பதோடு சரி. வீட்டைக் கட்டி முடித்துக் குடிபுகுந்த பிறகா தாழ்ப்பாளைப் பற்றி யோசிப்பது?

பாதுகாப்புக்குத் தனித் தலைப்பு இல்லாவிட்டால் அது எல்லாவற்றிலும் கரைந்து காணாமற் போய்விடும் என்று சிலர் கூறலாம். அதில் உண்மை உண்டு. மூன்றாம் நிலையில் அதற்கென்றே 303 என்ற தனித் தேர்வு இருப்பதையும் மறுக்கவில்லை. தனித் தலைப்பு இருக்கட்டும். ஆனால் 107-இல் பயனர் கணக்குகளைப் படிக்கும்போது, "இதுவும் பாதுகாப்பே" என்ற ஒரு வரியாவது பட்டியலில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். அதுவரை அந்த வரியைப் படிப்பவரே தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வேறு விதமாக அமைந்த தேர்வும் உண்டு. ரெட் ஹாட் நிறுவனத்தின் நிர்வாகித் தேர்வு அதன் சொந்த மென்பொருளைச் சுற்றியே அமைந்தது. எல்.பி.ஐ. தேர்வோ டெபியன் முறை, ஆர்.பி.எம். முறை இரண்டுக்கும் 3, 3 என்று சம எடை தருகிறது. பரந்த பார்வைக்கு அதுவே நல்லது. ஆனால் ரெட் ஹாட் தேர்வில் ஒரு சிறப்பு இருக்கிறது. அங்கே விடையைத் தேர்ந்தெடுப்பதில்லை. கணினியின் முன் அமர்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதுமட்டுமா? கணினியை நிறுத்தி மறுபடி துவக்கிய பிறகும், செய்த வேலை மாறாமல் நிலைக்க வேண்டும். நிலைக்காத வேலைக்கு மதிப்பெண் எதற்கு?

தோழியரே! தேர்வு மாலையோடு மறந்து போகும் படிப்பும் அப்படிப்பட்டதே. தலைப்புகளின் வரிசை நம்மை அடைத்து வைக்கும் வேலியன்று. ஏறிச் செல்லும் ஏணி. வேலி என்று எண்ணுகிறவள் ஒரு தலைப்பை முடித்ததும் அதை மூடி வைத்து விடுவாள். ஏணி என்று அறிந்தவளோ கீழ்ப்படியில் ஊன்றிய கால் வலுவில்தான் மேற்படியில் ஏறுவாள்.

பெற்றோரே! கணினிப் பணி ஆண் பிள்ளைகளுக்குரியது என்று இன்றும் எண்ணுவோர் உண்டு. எந்த எண்ணில் என்ன பாடம், அதற்கு எவ்வளவு எடை என்று எல்லாமே வெளிப்படையாக இருக்கிறது. ஏணி சாத்தியாகி விட்டது. ஏறுவதற்கு எங்களுக்கு உங்கள் அனுமதியும் ஊக்கமுமே தேவை.