யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?



நம்ம ஆண்டு விழாவில் எந்த ஐட்டத்துக்கு விசில் அதிகம்? பையன் புடவை கட்டிக்கிட்டு வர்ற காமெடிக்குத்தானே! பாகூர், வில்லியனூர் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசில்லை. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் பாஞ்சாலியாக ஆடுவது ஆண்தான். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடம் போட்டவர் கே.பி.சுந்தராம்பாள். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம்!

மேடையில் எல்லாம் சரி. மேடையை விட்டு இறங்கினால்...? முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கும், தோழியோடு எப்போதும் சேர்ந்தே திரியும் பெண்ணுக்கும் நாம் வைக்கிற பட்டப்பெயர் என்ன? இங்கே அச்சில் எழுதக்கூட முடியாது. கேட்டால், "சும்மா ஜோக்குப்பா!" என்கிறோம்.

ஜோக் என்றால் என்ன என்று வாசு பிரிம்லானியிடம் கேட்க வேண்டும். தனியாளாக மைக் பிடித்து நின்று சபையைச் சிரிக்க வைக்கும் இந்தியப் பெண். பட்டிமன்றம் மாதிரிதான், ஆனால் அணியும் இல்லை, நடுவரும் இல்லை! தான் பெண்ணை நேசிக்கும் பெண் என்பதை அவர் மறைக்கவில்லை. பாலியல் வன்முறை பற்றிக்கூட மேடையில் பேசினார். 2015-ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருதை 2016 மார்ச் 8 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கையால் வாங்கினார். அப்போது 377-வது சட்டப்பிரிவு அமலில் இருந்தது என்பதை மறக்காதீர்கள். ஒரு கை விருது கொடுத்தது, இன்னொரு கையில் விலங்கு!

கடல் தாண்டிப் போனால் லீ டெலாரியா. ஜாஸ் பியானோ வாசித்தவரின் மகள். 1993-ல் அமெரிக்க இரவு நேர டி.வி. நிகழ்ச்சியில், தான் ஒரு லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தார். அந்த மேடைகளில் அப்படிச் செய்த முதல் காமெடியன் அவர்தான். 1998-ல் பிராட்வே நாடகம், 2015-ல் டேவிட் போவியின் பாட்டுகளை ஜாஸில் பாடி ஓர் ஆல்பம், 2013-லிருந்து 2019 வரை 'ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்' தொடரில் சிறைக்கைதி வேடம். சிரிப்பு, பாட்டு, நடிப்பு மூன்றும் ஒரே ஆளிடம்!

நம்ம கூத்திலும் அப்படி ஒருத்தன் உண்டு, கட்டியங்காரன். பாடுவான், ஆடுவான், கொலுவில் இருக்கிற ராஜாவையே கிண்டல் பண்ணுவான். கவனியுங்கள், அவன் கிண்டல் பண்ணுவது ராஜாவை! பதில் சொல்ல முடியாதவளைக் கிண்டல் பண்ண எந்தக் கட்டியங்காரன் சொல்லிக் கொடுத்தான்?

சட்டம்கூட மாறிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று, மனம் ஒத்த உறவு குற்றமில்லை என்றது சுப்ரீம் கோர்ட். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தார். இப்படிப்பட்டவர்களை 'வைத்தியம்' பார்த்து மாற்றக் கூடாது என்றும் உத்தரவிட்டார். புதுச்சேரிக்கும் அதுதான் ஐகோர்ட். தீர்ப்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் அவர்.

நீதிபதியே மாணவராக உட்காரும்போது, மாணவர்களாகிய நாம் மட்டும் நீதிபதியாக நிற்கலாமா?

"ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பீர்கள். உண்மைதான். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள் என்ற பயம் சும்மா வருவதில்லை. அதனால்தான் காலேஜிலாவது அவள் நிம்மதியாக மூச்சு விட வேண்டும். நம் பட்டப்பெயர் பஸ் ஏறி அவள் ஊருக்கும் போய்விடும், நண்பர்களே! ஒரு டிப்ளமோவே அதில் போய்விடலாம்.

அடுத்த ஆண்டு விழாவில் காமெடி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் அடிபடுவது யார் என்று ஐட்டம் கமிட்டி ஒரு தரம் பார்க்கட்டும். முடிந்தால் மைக்கை அந்தப் பெண்ணிடமே கொடுப்போம். அவள் சிரிக்க வைக்கட்டும், நாமும் சிரிப்போம்!