மலையில் கக்கூஸ் இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்!

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்களும் அதையே படிப்பிக்கிறோம். ஆனால், அந்தப் பிள்ளையின் அம்மா வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல்தான் மலைக்குப் போகிறார். ஏனென்றால் மலையில் ஒதுங்க இடமில்லை. அட்டையும் பாம்பும் உள்ள பற்றைக்குள், கங்காணி பார்த்துக்கொண்டிருக்க, எந்தப் பெண் போவாள்? பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை அடக்கிக்கொண்டு நிற்கிறார். அதனால் சலக்கடுப்பு வருகிறது. அது திரும்பத் திரும்ப வந்து மேலே ஏறினால் சிறுநீரகத்தையே தாக்கும். தோழர்களே, இதை எங்கள் பெண்களின் அறியாமை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

"கிட்னி வருத்தம் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வயல்காரருக்குத்தானே?" என்று எங்களில் பலர் கேட்கிறார்கள். 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வதைக்கும் நோய் தனி ரகம். அதற்கான காரணம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும்தான். அவை இரண்டும் இல்லாத லயம் எங்கே இருக்கிறது?

இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சாப்பாடு பிடிக்காமல் போகும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். பிறகு டயலிசிஸ், வாரத்தில் இரண்டு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரி. நாட்பேரை நம்பி வாழும் குடும்பம் அதை எப்படித் தாங்கும்? முன்கூட்டியே கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும்: இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின்.

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. கொழுந்துக் கூடை சுமந்து இடுப்பு வலித்தால் "கிட்னியாக இருக்குமோ" என்று பயப்படுகிறோம். அநேகமாக அது தசை வலிதான். ஆனால் அந்த வலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாத்திரைகள் சிறுநீரகத்தை உண்மையாகவே கெடுக்கும். வைத்தியரைக் கேட்காமல் அவற்றைத் தொடராதீர்கள். "இப்போது சுகம்தானே" என்று பிரஷர் மருந்தையும் சீனி மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

மருந்தடிக்கும் தோழர்களின் கதை வேறு. 2015இல் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி அரசாங்கம் கிளைபோசேட்டைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை நீக்கியது. அது நோய்க்குக் காரணமா இல்லையா என்று விஞ்ஞானிகள் வாதாடட்டும். எங்கள் கேள்வி ஒன்றுதான்: சந்தேகம் இருந்ததால் வயல்காரனைக் காப்பாற்றத் தடை போட்டீர்கள், அதே டாங்கியை முதுகில் சுமக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் சப்பாத்துமாவது கொடுத்தீர்களா?

விழிப்புணர்வு என்பது தொழிலாளிக்குப் புத்தி சொல்வதோடு முடிகிற விஷயமல்ல. துரைமாருக்கும் கம்பனிக்கும் அது வேண்டும். எங்கள் சங்கத்துக்கும் வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போதெல்லாம் ரூபாய்க் கணக்கை மட்டும் மேசையில் வைத்தோம். கக்கூசைப் பேச வெட்கப்பட்டோம். அது எங்கள் பிழை. இனி இந்தக் கோரிக்கைகளும் மேசைக்கு வரவேண்டும்:

1. வேலை நடக்கும் ஒவ்வொரு மலையிலும் பெண்களுக்குக் கக்கூசும் சுத்தமான குடிதண்ணீரும்.

2. சீனி, பிரஷர் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது டிஸ்பென்சரியிலேயே இரத்த, சிறுநீர்ச் சோதனை. கிளினிக் போகும் நாளுக்கு முழுப் பேர்.

3. மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடையும், வேலை முடிந்ததும் குளிக்க வசதியும்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கணக்கோடு வாருங்கள்: உங்கள் டிவிஷனில் எத்தனை மலை, அதில் எத்தனை கக்கூஸ்? அந்தக் கணக்கை வைத்துத்தான் துரையோடு பேசப் போகிறோம்.