'இல்லை' என்று எழுதுவதற்கு முன்

ஒரு பழ ஈ, குளியலறையில் அடித்த ஒரு கொசு, ஜன்னல் ஓரத்தில் காய்ந்து கிடந்த ஓர் எறும்பு. எங்கள் குழு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றவை இவை. இவற்றின் உயிரணுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறதா என்று கண்டறிவதே வேலை.

பெயர் நமக்குப் புதிதல்ல. 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்த பாக்டீரியா உள்ள ஆண் ஏடிஸ் கொசுக்களைக் குடியிருப்புப் பேட்டைகளில் விட்டு வருகிறது. அவற்றோடு சேரும் பெண் கொசுவிடம் பாக்டீரியா இல்லையென்றால் முட்டைகள் பொரிவதில்லை. "கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுறாங்களாம்" என்று என் பாட்டி இன்றும் சிரிப்பார்.

பூச்சியை நசுக்கி, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் மூலம் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டோம். பழ ஈயில் இரண்டு கோடுகள்: ஒன்று வோல்பாக்கியாவுக்கு, மற்றொன்று ஈயின் சொந்த மரபணுவுக்கு. கொசுவில் சொந்தக் கோடு மட்டும். எறும்பில் எதுவுமே இல்லை.

"எறும்புக்கும் 'இல்லை'னு எழுதிடு, நேரமாச்சு" என்றான் நண்பன். எழுதியும் விட்டோம். அது தவறு. எறும்பின் சொந்த மரபணுவே தெரியவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள். கொசுவின் 'இல்லை' மட்டுமே உண்மையான பதில். அதிலும் ஒரு சிக்கல். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டியில் வோல்பாக்கியா இயற்கையாக இருப்பதில்லை. அதேபோல் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட ஏடிஸ் அல்போபிக்டஸில் பெரும்பாலும் இருக்கும். எங்களுடையது எது? நசுக்குமுன் யாரும் படம் எடுக்கவில்லை.

பள்ளிச் சோதனைகளில் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். அந்த விடை வராவிட்டால் மதிப்பெண் போகும் என்ற பயத்தில் எண்களைச் 'சரிசெய்யும்' பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மறுக்காதீர்கள்! ஆண்டுக்கு ஒன்றாவது, ஆசிரியருக்கும் விடை தெரியாத சோதனையாக இருக்கட்டும். மதிப்பெண்ணை முடிவுக்குத் தராமல், அந்த முடிவை ஏன் நம்பலாம் என்ற விளக்கத்துக்குத் தரட்டும். பிசிஆர் செலவு அதிகம்தான். பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஒரு பிற்பகல் இயந்திரத்தைத் தந்து உதவினால் பல பள்ளிகள் பயன்பெறும். பூச்சிகளுக்கு வீடே போதும். பூங்காக்களில் அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது.

அடுத்த வாரம் எறும்பை மீண்டும் சோதிக்கிறோம். இம்முறை படம் எடுத்து, பிடித்த உடனே எத்தனாலில் போட்டு வைத்திருக்கிறேன்.