வாலிபர் கையில் ஒரு மா நிலம்

கற்ற வாலிபர் வயலில் இறங்கக் கூசுகின்றனர் என்னும் குறை காவிரிப் பாசனக் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படுவதாகும். இக்குறை முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. பட்டணத்து உத்தியோகத்தை நாடாது, தகப்பனாரின் நிலத்திலேயே ஜீவனம் செய்ய விரும்பும் வாலிபரும் உளர். அவர்களை ஊரில் நிலைபெறச் செய்யும் வழி யாது என்பதே பெரியோர் ஆராயத்தக்கது.

இவ்வாலிபரின் இலட்சியங்கள் அற்பமானவையல்ல. வரவு செலவைக் கணக்கெழுதிப் பயிரிடுதல், கண்ணாரச் சோதித்ததையே நம்புதல், மண்ணின் வளம் குன்றாமல் அடுத்த தலைமுறைக்கு ஒப்புவித்தல் ஆகியவையே அவை. ஆயினும் வீட்டில் அவர்களுக்குக் கிடைப்பது ஏவலாளின் ஸ்தானமே. விதை இன்னது, நடவு இன்ன நாள், கடன் இவ்வளவு என்று பெரியவரே தீர்மானிக்க, மகன் மடை திறக்கவும் மூட்டை ஏற்றவும் மட்டுமே அழைக்கப்படுகிறான். பொறுப்பில்லாத இடத்தில் பற்று எங்ஙனம் உண்டாகும்?

ஒற்றை நாற்று நடவை உதாரணமாகக் கொள்ளலாம். 1983-ம் ஆண்டில் மடகாஸ்கர் தீவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கண்டறிந்த இம்முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என வழங்குகிறது. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதையே போதும். சுமார் 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். நட்ட சில நாட்கள் வயல் வெறுமையாகவே தோன்றும். ஆகையால், "ஊர் சிரிக்கும்" என்று வாலிபன் தடுக்கப்படுகிறான். பெரியவரின் அச்சமும் நியாயமானதே. நீர் வடியாத பள்ள வயலுக்கு இம்முறை ஏலாது. ஒரு போகம் தவறினால் குடும்பம் கடன்படும்.

ஆயினும் வேலி முழுவதையும் பணயம் வைக்க வேண்டுவதில்லை. ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட் நிலத்தை, மூன்று போகங்களுக்கு மகனிடமோ மகளிடமோ ஒப்படைக்கலாம். அதற்கு வேண்டும் விதை ஏறக்குறைய 1 கிலோவே. விதைத் தெரிவு, கூலி, விற்பனை, கணக்கு யாவும் அவர் பொறுப்பு. லாப நஷ்டமும் அவருடையதே. முதற் போகம் பொய்த்ததென்று நிலத்தைத் திரும்பப் பெறுதல் தகாது. தவறு நேர்ந்த காரணத்தைக் கணக்கில் கண்டு திருத்துவதற்கே அடுத்த இரண்டு போகங்கள்.

கிராம நிர்வாக அலுவலர்க்கும் இதில் கடமையுண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறவும், வெள்ளத்தில் அழிந்த பயிருக்கு நிவாரணம் கோரவும் அடங்கல் இன்றியமையாதது. வயலைக் காணாமல் சென்ற வருஷத்துப் பதிவையே மீண்டும் எழுதினால், புதுப்பயிர் வைத்த வாலிபனே முதலில் நஷ்டமடைவான். அவன் முயற்சிக்கு உள்ளபடியான பதிவே பெரும் உதவியாகும்.

வாலிபர்க்கு உபதேசம் ஏற்கெனவே போதியது கிடைத்துள்ளது. இனி வேண்டுவது ஒரு மா நிலமும், ஒரு கணக்குப் புத்தகமும், பெரியோரின் பொறுமையுமே. வரும் சம்பாவிலேயே இதனைத் தொடங்குதல் நலம்.